பெல்மூர் ஆம்புலன்ஸின் சிக்கன ஓட்டம்

ஓவேலியில் இருக்கும் பெல்மூர் எஸ்டேட்டின் ஆம்புலன்ஸ் அளவுக்கு மேல் டீசல் குடிக்கிறது என்பதை மலைத்தோட்ட எரிபொருள் சிக்கன ஆணையம் கண்டுபிடித்தது. இதைக் கண்டுபிடிப்பதற்காக ஆணையத்தின் நான்கு கார்கள் குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ஏறி, கூடலூருக்கு இறங்கி, மறுபடி ஓவேலிக்கு ஏறி வந்தன. ஒவ்வொரு காரிலும் ஓர் அதிகாரி இருந்தார். ஒரே காரில் வந்தால் பதவி வரிசைப்படி யார் முன்னால் உட்காருவது என்ற சிக்கல் வரும் என்பதால் அப்படி ஓர் ஏற்பாடு.

ஆம்புலன்ஸை ஓட்டியவள் வனிதா. முன்பு தேயிலைக் கொழுந்து லாரி ஓட்டியவள். டயரில் காற்றைச் சரியாக வைத்தால், வேண்டாத சுமையை இறக்கினால், ஆக்சிலேட்டரில் காலை மெதுவாக வைத்தால் டீசல் மிச்சமாகும் என்பது அவளுக்கும் தெரியும். மலையில் வண்டி ஓட்டும் யாருக்கும் அது தெரியும். அவளுடைய கவலை வேறு. அவள் இன்னும் தற்காலிக டிரைவர்தான். அப்பா ஓய்வு பெற்றுவிட்டதால், குடும்பத்தில் நிரந்தர வேலையில் ஒருவரும் இல்லை. நிரந்தர வேலையில் ஆள் இல்லாத குடும்பம், எஸ்டேட் தன் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் லயத்து வீட்டில் இருக்க முடியாது. வீட்டைக் காலி செய்யச் சொல்லி எஸ்டேட் ஆபீஸ் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டது.

“ஆணையத்துக்காரங்க உன்னைய பாஸ் போட்டாங்கன்னா வேலை நிரந்தரம். இல்லைன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது வனிதா” என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

ஆகவே ஆணையம் என்ன சொன்னாலும் தலையாட்டுவது என்று வனிதா முடிவு செய்திருந்தாள்.

பேக்டரி மைதானத்தில் தொடக்க விழா நடந்தது. தூறல் விழுந்துகொண்டிருந்தது. காருக்குள் இருக்கும் கதகதப்பு போய்விடக் கூடாது என்று நான்கு கார்களின் என்ஜின்களும் ஓடியபடியே நின்றன. அந்தச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி துணை இயக்குநர் ஜெகதீசன் மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துப் பேசினார்.

“தொழிலாளர் பெருமக்களே! இந்த நாட்டில் எரிபொருள் எங்கே வீணாகிறது? அவசரத்தில். அவசரம் எங்கே அதிகம்? ஆம்புலன்ஸில். நோயாளி ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்கிறார். டிரைவர் மிதிக்கிறார். நோயாளிக்கு அது வெறும் வார்த்தை. நாட்டுக்கு அது டீசல். வண்டியில் எடை கூடினாலும் டீசல் கூடத்தான் குடிக்கும். ஆணையம் நோயாளிகளுக்கு எதிரி இல்லை. அவர்களும் கொஞ்சம் ஒத்துழைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.”

எப்படி ஒத்துழைப்பது என்று யாரும் கேட்கவில்லை. பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் எண்ணி வேலை பிரிப்பதற்கு, நேரமாகிவிட்டதால் எல்லோரும் கைதட்டிவிட்டு வேலைக்குப் போனார்கள்.

பிறகு வண்டியில் சிறு மாற்றங்கள் செய்தார்கள். மேற்பார்வை பார்த்தவர் அளவைக் கண்காணிப்பாளர் பவுல்ராஜ். கையில் எப்போதும் ஒரு டேப்லெட் வைத்திருப்பார். முதலில் ஸ்டெப்னி டயரும் ஜாக்கியும் இறங்கின. இடதுபக்கக் கண்ணாடி காற்றைத் தடுக்கிறது என்று கழற்றினார்கள். சைரன் பேட்டரியைச் சாப்பிடுகிறது என்று அதையும் எடுத்தார்கள். டயர்களில் கல் மாதிரி காற்றடித்தார்கள். ஆக்சிஜன் சிலிண்டரை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனபோது டிஸ்பென்சரி நர்ஸ் சுகந்தி பதறி ஓடிவந்தாள்.

“சார், அது வேணுமுங்க!”

“எவ்வளவு கனம் பாத்தீங்களாம்மா?” என்றார் பவுல்ராஜ். “உள்ள இருக்கறது காத்துதானே. நீலகிரியில சுத்தமான காத்து வெளியிலேயே இருக்கு. ஜன்னலைத் திறந்து வெச்சுக்கங்க.”

கடைசியாக ஆக்சிலேட்டருக்கு அடியில் ஒரு ரப்பர் கட்டையை ஒட்டினார்கள். அதற்கு மேல் மிதிக்க முடியாது. டாஷ்போர்டில் ஒரு டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் வைத்தார்கள். ஓட்டும்போது அது சிந்தாமல் இருந்தால் நல்ல டிரைவர். சிந்தினால் மதிப்பெண் குறையும். வண்டியைப் பின்னால் எடுத்தாலும் குறையும். ஏனென்றால் டீசல் செலவாகிறது, ஊர் தூரமாகிறது.

“புரிஞ்சுதாம்மா?” என்றார் ஜெகதீசன்.

“புரிஞ்சுதுங்க சார்” என்றாள் வனிதா. ஒன்றும் புரியவில்லை.

தேர்வு நாளன்று நோயாளிக்குப் பதில் ஒரு மணல் மூட்டையை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிக் கூடலூர் போய்வருவதாகத் திட்டம். மூட்டையை ஏற்றிக் கட்டிக்கொண்டிருக்கும்போதுதான் பேக்டரியிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். கொழுந்து வாட்டும் இடத்தில் வேலை பார்க்கும் தங்கையா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். நான்கு பேர் அவரைத் தூக்கி வந்தார்கள். கூடவே அவர் மனைவி காத்தாயி, தலையில் கட்டிய துணியோடும் இடுப்பில் கட்டிய படங்குத் துணியோடும் மலையிலிருந்து அப்படியே இறங்கி வந்தாள்.

தங்கையாவின் முகம் சாம்பல் நிறமாக இருந்தது. சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. சுகந்தி நாடி பார்த்தாள். நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைத்தாள்.

“ஹார்ட்டுதான். உடனே கூடலூர் போகணும். நான் கூட வர்றேன். ஏறுங்க, ஏறுங்க!”

மணல் மூட்டையை இறக்கினார்கள். ஜெகதீசன் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தது.

“பவுல்ராஜ், மூட்டையை விட இது நல்ல சாம்பிள். அசல் சூழ்நிலை.”

“சார், மூட்டை அறுபது கிலோ. இவர் கூட இருப்பார் போல.” பவுல்ராஜ் காத்தாயி பக்கம் திரும்பினார். “ஏம்மா, இவர் வெயிட் எவ்வளவு?”

“என்னாங்க?” என்றாள் காத்தாயி.

“எடை, எடை.”

காத்தாயிக்கு அழுகை வந்தது. “நான் தூக்கிப் பாக்கலீங்களே சார்.”

ஜெகதீசன் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். பவுல்ராஜ் பின்னால் ஏறினார். சுகந்தி ஏறப் போனபோது பவுல்ராஜ் கையை நீட்டித் தடுத்தார். நோயாளியோடு மூன்று பேருக்கு மேல் பின்னால் போனால் கணக்குத் தப்பிவிடும். மனைவி வேண்டுமா, நர்ஸ் வேண்டுமா என்று அவர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

“நீங்க இறங்குங்க சார், நான் நர்ஸ்!” என்று கத்தினாள் சுகந்தி.

“நான் இறங்கினா அளக்கறது யாரு?”

இந்தப் பேச்சு நீண்டால் தங்கையா தாங்கமாட்டார் என்று வனிதாவுக்குத் தெரிந்தது. காத்தாயி உள்ளே ஏறிவிட்டிருந்தாள். வனிதா சுகந்தியை விட்டுவிட்டு வண்டியை எடுத்தாள்.

எஸ்டேட் ரோடு முதலில் ஓடைப் பாலம் வரை இறக்கம். ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் பள்ளம். ரோடு நனைந்திருந்தது.

“நியூட்ரல் போடும்மா” என்றார் ஜெகதீசன். “இறக்கத்துல வண்டி தானா போகும். என்ஜின் எதுக்கு?”

ரோட்டோரத்தில் ஒரு மஞ்சள் பலகை நின்றது. இறக்கத்தில் இரண்டாவது கியரில் செல்லவும் என்று அதில் எழுதியிருந்தது. வனிதா அதைக் கையால் காட்டினாள்.

“அது ரோட்டுக்காரங்க வெச்சது. வேற டிபார்ட்மென்ட்.”

வனிதாவின் மனதில் லயத்து வீட்டின் கதவு வந்து போனது. நியூட்ரலுக்குத் தள்ளினாள். வண்டி சட்டென்று இலேசாகிக் கீழே ஓட ஆரம்பித்தது. முதல் வளைவில் பிரேக்கை அழுத்தினாள். இரண்டாவது வளைவில் இன்னும் அழுத்தினாள். மூன்றாவது வளைவுக்கு முன் பிரேக் தீயும் வாடை உள்ளே வந்தது. கல் மாதிரி இருந்த டயர்கள் ஈரத்தில் ரோட்டைப் பிடிக்கவில்லை. வண்டியின் பின்பக்கம் பள்ளத்தை நோக்கி வழுக்கியது. ஸ்ட்ரெச்சர் கதவில் போய் இடித்தது. காத்தாயி புருஷனை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, “வனிதா! அடியே!” என்று அலறினாள்.

வனிதா இரண்டாவது கியரைக் குத்திப் போட்டாள். என்ஜின் ஒரு முறை உறுமி வண்டியைப் பிடித்து நிறுத்தியது. டம்ளரில் தண்ணீர் விளிம்புவரை வந்து திரும்பியது.

“அலை அடிச்சுது, சார்” என்றார் பவுல்ராஜ், டேப்லெட்டில் தட்டியபடி. “ஆனா சிந்தலை.”

“குட்” என்றார் ஜெகதீசன். அவருடைய இடது கை மேலே இருந்த கைப்பிடியை விடவில்லை.

பாலம் தாண்டி ஏற்றம் வந்தது. நாலாவது கியரிலேயே ஏற வேண்டும் என்றார்கள். கியர் உயர்ந்தால் சிக்கனம். வண்டி முக்கியது. நடுங்கியது. வனிதா மிதித்தாள். ரப்பர் கட்டை காலைத் தடுத்தது. முன்னால் குடை பிடித்துக்கொண்டு நடந்துபோன ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை, தன்னை முந்த முடியாமல் வந்துகொண்டிருந்த ஆம்புலன்ஸைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தது.

“இப்பிடிப் போனா ஏறாதுங்க சார். மூணாவதாச்சும் போடறேனுங்க.”

“பொறுமை. பொறுமைதான் பெரிய எரிபொருள்” என்றார் ஜெகதீசன். இந்த வாக்கியம் ஆணையத்தின் நான்கு கார்களிலும் ஒட்டப்பட்டிருந்தது.

பின்னாலிருந்து தங்கையாவின் குரல் மெல்ல வந்தது. “தண்ணி…”

காத்தாயி சுற்றிலும் பார்த்தாள். முன்சீட்டுக்கு நடுவில் கையை நீட்டி டாஷ்போர்டில் இருந்த டம்ளரை எடுத்துவிட்டாள்.

“ஐயோ! அது குடிக்கற தண்ணி இல்லம்மா! அளவைத் தண்ணி!” என்று பவுல்ராஜ் எழுந்தார். கூரையில் தலை இடித்தது.

காத்தாயி அதைக் காதில் வாங்கவில்லை. படங்கின் ஓரத்தை டம்ளரில் நனைத்துப் புருஷனின் உதட்டில் வைத்தாள். மிச்சத் தண்ணீரைத் தன் கையில் ஊற்றி அவர் நெற்றியைத் துடைத்தாள். காலி டம்ளரைப் பவுல்ராஜின் கையில் கொடுத்தாள். அவர் அதை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் சிந்தவில்லை, ஆனால் இல்லை. இதற்கு எத்தனை மதிப்பெண் என்று எங்கும் சொல்லப்படவில்லை.

அடுத்த வளைவைத் திரும்பியதும் வனிதா வண்டியை நிறுத்தினாள்.

ரோட்டின் நடுவில் ஒரு கொம்பன் நின்றது. தனியானை. உடம்பில் சேறு காய்ந்திருந்தது. பலாப்பழ வாடை பிடித்து லயத்துப் பக்கம் ஒரு யானை வருவதாக எஸ்டேட்டில் பேச்சு இருந்தது; அந்த யானையாகத்தான் இருக்க வேண்டும். அது இவர்களைப் பார்த்தபடி காதை அசைப்பதை நிறுத்தியது.

ஜெகதீசன் சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தார். நிற்கிற வண்டியில் என்ஜின் ஓடக் கூடாது. அவர் கை பழக்கத்தில் அதைச் செய்துவிட்டது. அணைத்த பிறகுதான் எவ்வளவு அமைதி என்று எல்லோருக்கும் தெரிந்தது. தங்கையாவின் மூச்சு கரகரத்தது.

“சாவியைத் தொடாதீங்க சார்” என்றாள் வனிதா மிக மெல்ல.

யானை ஓர் அடி முன்னால் வைத்தது. தும்பிக்கையைத் தூக்கி மோந்து பார்த்தது. இன்னோர் அடி வைத்தது.

“சார், ரிவர்ஸ் எடுக்கட்டுங்களா?”

“ரிவர்ஸ் எடுத்தா… அந்தத் தூரம் மைலேஜ்ல கழியும்…” என்று ஜெகதீசனின் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. கண் யானையின் மேல் இருந்தது.

யானை தலையை ஆட்டியது. இரண்டு எட்டு வேகமாக வைத்தது.

“சார்?”

“எடும்மா!”

“கழிச்சுருவீங்களே சார்?”

வனிதா கிண்டல் செய்யவில்லை. அவளுக்கு நிஜமாகவே பயம். அந்த நிமிஷத்தில் யானையிடம் எவ்வளவு பயமோ அவ்வளவு பயம் ஆணையத்திடமும் இருந்தது.

“கழிக்க மாட்டேன்! எடு, எடு!”

“சார், அதுக்கு விதியில இடமில்லையே” என்றார் பின்னாலிருந்து பவுல்ராஜ்.

“வாயை மூடுய்யா!”

வனிதா சாவியைத் திருப்பினாள். என்ஜின் முனகி அடங்கியது. மறுபடி திருப்பினாள். பிடித்துக்கொண்டது. இடதுபக்கம் கண்ணாடி இல்லை. பள்ளம் இருந்தது அந்தப் பக்கம்தான்.

“காத்தாயிக்கா, பின்னாடி பாத்துச் சொல்லுங்க!”

காத்தாயி ஒரு கையால் புருஷனைப் பிடித்துக்கொண்டு பின்கதவுக் கண்ணாடியில் முகத்தை வைத்தாள். “வா… வா… இன்னும் வா… மலைப் பக்கமா ஒடி! பள்ளம், பள்ளம்! ஆங், அப்பிடியே வா!”

வண்டி பின்னால் ஊர்ந்தது. யானை முன்னால் வந்தது. வளைவைத் தாண்டி வண்டி மறையும்போது யானை நின்றுவிட்டது. ரோட்டோரத்து மரத்தில் ஒரு கிளையை முறித்தது. சத்தம் வண்டிக்குள் எல்லோரையும் உலுக்கியது. பிறகு, இவ்வளவு நேரம் இதற்காகத்தான் நின்றேன் என்பதுபோல் கிளையை வாயில் வைத்துக்கொண்டு தேயிலைக்குள் இறங்கிப் போய்விட்டது.

ஜெகதீசன் தன் பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தார். முகத்தைத் துடைத்தார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

“சரி. இனிமே விதிப்படி போகலாம். நாலாவது கியர். பவுல்ராஜ், அந்த ரிவர்ஸ் தூரத்தைக் குறிச்சுக்கோ.”

வனிதா அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“வனிதா, இவருக்கு கண்ணு சொருகுதுடி” என்றாள் காத்தாயி. இப்போது அவள் அலறவில்லை.

வனிதா குனிந்தாள். ஆக்சிலேட்டருக்கு அடியில் இருந்த ரப்பர் கட்டையைப் பிய்த்து ஜன்னல் வழியாக எறிந்தாள். இரண்டாவது கியரைப் போட்டு மிதித்தாள்.

“என்னம்மா பண்றே? இது ஆணையத்தோட சொத்து!”

வண்டி ஏறியது. ஆனால் பழைய என்ஜினுக்கு ஐந்து பேர் சுமை. ஏற்றத்தில் இழுத்தது. யானை நின்ற இடத்தைத் தாண்டி, மேட்டில் ஒரு பெட்டிக்கடை வரும் வரையில் காத்தாயி எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். கடை தெரிந்ததும் சொன்னாள்.

“சார், வண்டியில வெயிட்டு இருந்தா எண்ணெய் ஜாஸ்தி குடிக்கும்னு நீங்கதானே மைக்குல சொன்னீங்க?”

“ஆமா. அதுதான் அடிப்படை.”

“அப்ப நீங்க ரெண்டு பேரும் இறங்கிருங்க.”

வனிதா கடை வாசலில் பிரேக் போட்டாள். வீடு போனது என்று தெரிந்தது. அப்பா எங்கே போவார் என்று தெரியவில்லை.

“இறங்குங்க சார்” என்றாள். “விதிதானுங்களே.”

“நான் துணை இயக்குநர்!”

“அதான் சார்” என்றாள் காத்தாயி. “உங்க வெயிட்டுதான் ஜாஸ்தி.” பின்கதவைத் திறந்து பவுல்ராஜை முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள். அவர் டேப்லெட்டும் டம்ளருமாக ரோட்டில் இறங்கினார். கடையில் இருந்த ஆட்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். அத்தனை பேர் முன்னால் உட்கார்ந்திருக்க முடியாமல் ஜெகதீசனும் இறங்கினார்.

ஆம்புலன்ஸ் கிளம்பிப் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்ற இருவரிடமும் மலையாளியான கடைக்காரர் கேட்டார். “சாயா எடுக்கட்டே சார்?”

சைரன் இல்லாததால் வனிதா ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. காத்தாயி ஜன்னல் வழியாகத் தலைத்துணியை ஆட்டிக்கொண்டே வந்தாள். ஜீப்புகளும் பஸ்ஸும் ஒதுங்கி வழிவிட்டன. கூடலூர் ஆஸ்பத்திரியில் தங்கையாவை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். இரண்டு பெண்களும் வெளியே பெஞ்சில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சாயங்காலம்தான் டாக்டர் வெளியே வந்தார்.

“பிழைச்சுக்கிட்டார். இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தா…” என்று ஆரம்பித்தவர், காத்தாயியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வனிதாவைக் குன்னூருக்கு விசாரணைக்கு அழைத்தார்கள். பஸ் மாறிப் போனாள். நீள மேஜைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள் இருந்தார்கள். ஓரத்தில் ஜெகதீசன் இருந்தார்.

“அதிகாரிகள் இறங்கிய பிறகு வண்டி எப்படி ஓடியது?” என்று நடுவில் இருந்தவர் கேட்டார்.

“நல்லா லேசா ஓடுச்சுங்க” என்றாள் வனிதா.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வண்டியில் வைத்திருந்த டீசல் மீட்டர்படி, அதிகாரிகள் இறங்கிய பிறகு வண்டிக்கு டீசல் செலவு குறைந்திருந்தது உண்மைதான். இதுவரை ஆணையம் சொன்ன எந்த முறையிலும் அப்படிக் குறைந்ததில்லை.

ஜெகதீசன் தொண்டையைக் கனைத்தார்.

“நான் அதைப் பற்றிப் பேசக் கூடாது என்றிருந்தேன். தன்னடக்கம். நாட்டு நலன் கருதி, என் எடையை நானே வாகனத்திலிருந்து விலக்கிக்கொண்டேன்.”

மேஜைக்குப் பின்னால் இருந்தவர்கள் கைதட்டினார்கள். வனிதாவை வெளியே போகச் சொன்னார்கள். தப்பித்தோமா, மாட்டிக்கொண்டோமா என்று அவளுக்கு விளங்கவில்லை.

அடுத்த மாதம் பெல்மூர் பேக்டரி மைதானத்தில் பாராட்டு விழா நடந்தது. இந்த முறை ஆறு கார்கள் வந்தன. ஜெகதீசனுக்குச் சால்வை போட்டார்கள். அவருடைய கண்டுபிடிப்புக்கு அதிகாரி விலகல் முறை என்று பெயர் வைத்திருந்தார்கள். இனி மலைத்தோட்ட வாகனம் ஒவ்வொன்றிலும் இரண்டு அதிகாரிகள் ஏறி, பாதி வழியில் இறங்குவார்கள். இறங்கியவர்களைத் திரும்ப ஏற்றிக்கொள்ள, பின்னாலேயே ஒரு கார் வரும். அந்தக் காருக்கு வனிதா நிரந்தர டிரைவர். உத்தரவை மேடையிலேயே கொடுத்தார்கள். கீழே நின்ற அவள் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வனிதா உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“சார், அப்ப ஆம்புலன்ஸை யாரு ஓட்டறதுங்க?”

“அதை ஓட்ட வேண்டாம்மா” என்றார் ஜெகதீசன் சிரித்துக்கொண்டே, மைக்கிலேயே. “அதுதானே முழுச் சிக்கனம். ஷெட்ல நிறுத்தி ரிப்பன் கட்டியாச்சு. மாதிரி வாகனம். ஒரு சொட்டு செலவில்லை.”

கைதட்டல் எழுந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் சுகந்தி ஓடிவந்தாள். மேல் லயத்தில் பாலாமணிக்குப் பிரசவ வலி. குழந்தை குறுக்கே கிடக்கிறது. இங்கே வைத்துப் பார்க்க முடியாது.

வனிதா மேடையில் இருந்த நாற்காலியில் உத்தரவை வைத்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை ஷெட் பக்கம் அசைத்தார். வனிதா இறங்கி ஓடினாள்.

நின்றே கிடந்த வண்டியில் பேட்டரி இறங்கிப்போயிருந்தது. சாவியைத் திருப்பினால் முனகல் மட்டும் வந்தது. காத்தாயி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியின் பின்னால் கையை வைத்தாள். கொழுந்து பறிக்கிற பெண்கள் எல்லோரும் வந்து கையை வைத்தார்கள். தங்கையாவும் வந்தார். காத்தாயி அவரை முறைத்து ஓரமாக நிற்க வைத்தாள். வண்டி அசைந்தது. ரிப்பன் அறுந்தது. ஷெட்டிலிருந்து மெல்ல வெளியே வந்து, மைதானத்தின் ஓரமாக, மேடைக்கு முன்னால், சத்தமில்லாமல் உருண்டது.

மேடையில் ஜெகதீசன் எழுந்து நின்றுவிட்டார்.

“பாருங்கள்! எல்லோரும் பாருங்கள்! ஒரு சொட்டு எரிபொருள் இல்லாமல் ஓடுகிறது! இதுதான் ஆணையத்தின் கனவு!”

பவுல்ராஜ் டேப்லெட்டில் படம் எடுத்தார். அதிகாரிகள் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். பெண்கள் இன்னும் வேகமாகத் தள்ளினார்கள். கைதட்டலும் வேகமானது. சரிவு தொடங்கும் இடத்தில் வனிதா இரண்டாவது கியரைப் போட்டுக் கிளட்சை விட்டாள். வண்டி ஒரு குதி குதித்து, கரும்புகை கக்கி, உறுமியது.

என்ஜின் சத்தம் கேட்டதும்தான் கைதட்டல் நின்றது.